நீதிபதி சாமுவேல் சேஸ் மீதான விசாரணை: 1805ஆம் ஆண்டுத் தீர்ப்பு சொன்னது என்ன?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் தொடங்கிய நாள் முதல் இன்றுவரை, பிரதிநிதிகள் சபையால் குற்றம் சாட்டப்பட்டு, பதவிநீக்க விசாரணைக்காகச் செனட்டின் முன் நிறுத்தப்பட்ட உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர்தான்: மேரிலாந்தைச் சேர்ந்த சாமுவேல் சேஸ். 1805 மார்ச் 1 அன்று எட்டுக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் செனட் அவரை விடுவித்தது. அந்த நாட்டில் நீதித்துறையின் சுதந்திரத்துக்கு அன்றுதான் கால்கோள் இடப்பட்டது என்று சட்ட வரலாற்றாளர்கள் பலரும் எழுதிவந்திருக்கிறார்கள். தலைமை நீதிபதியாக இருந்த வில்லியம் ரென்குவிஸ்ட் 1992இல் வெளியிட்ட நூலின் ஒரு பாதியே இவ்வழக்கைப் பற்றியது. 2025 மார்ச்சில் இப்போதைய தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், ஒரு தீர்ப்போடு உடன்பாடு இல்லை என்பதற்காக நீதிபதியைப் பதவிநீக்க முனைவது முறையல்ல என்றும், இது இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக நிலைபெற்ற மரபு என்றும் அறிக்கை விட்டார். அந்த மரபின் வேர் சேஸ் வழக்கில்தான் இருக்கிறது. ஆனால் வழக்கமாகச் சொல்லப்படுவது இக்கதையின் ஒரு பாதி மட்டுமே. சேஸை விடுவித்த அதே செனட், அவர் நீதிமன்றத்தில் நடந்துகொண்ட விதத்தைத் தன் வாக்குகளாலேயே கண்டித்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் 1805ஆம் ஆண்டுத் தீர்ப்பு விளங்கும்.

சேஸின் வாழ்க்கை முழுவதும் மோதல்தான். 1741இல் மேரிலாந்தின் சாமர்செட் கவுண்டியில் ஆங்கிலிக்கன் பாதிரியார் ஒருவரின் ஒரே மகனாகப் பிறந்தார். தந்தையிடமே லத்தீனும் கிரேக்கமும் படித்து, அன்னாபொலிஸில் சட்டம் பயின்று, இருபது வயதில் வக்கீலானார். 1765இல் பிரிட்டிஷ் அரசின் முத்திரை வரிக்கு எதிராகத் தெருவில் இறங்கிய கூட்டத்துக்கு முன்னால் நின்றவர் அவர். கலகக்காரர், கும்பலின் தலைவர், வாய்த்துடுக்குக்காரர் என்று அன்னாபொலிஸ் மேயரும் நகர்மன்றத்தாரும் அவரைப் பகிரங்கமாக ஏசினார்கள். 1776இல் பெஞ்சமின் பிராங்க்ளினோடு கனடாவுக்குத் தூது போனார். அது தோல்வியில் முடிந்தது. ஊர் திரும்பியதும், தயங்கிக்கொண்டிருந்த மேரிலாந்தைச் சுதந்திரத்தின் பக்கம் இழுக்க ஊர் ஊராகப் பேசினார். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்தும் இட்டார். இரண்டே ஆண்டுகளில், காங்கிரஸில் அறிந்த ரகசியத்தை வைத்து மாவைப் பதுக்கி லாபம் பார்க்க முயன்றார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. இளம் அலெக்சாண்டர் ஹாமில்டன் புனைபெயரில் அவரைப் பத்திரிகையில் கிழித்தெறிந்தார். வியாபாரத்தில் கடன்பட்டு நொடித்துப்போனார். 1788இல் புதிய அரசியல் சாசனத்தை மேரிலாந்து மாநாடு 63க்கு 11 என்ற கணக்கில் ஏற்றபோது, எதிர்த்து வாக்களித்த பதினொரு பேரில் அவரும் ஒருவர். அதே சாசனம் உருவாக்கிய உச்ச நீதிமன்றத்துக்கு 1796 ஜனவரியில் ஜார்ஜ் வாஷிங்டன் அவரை நியமித்தார். அதற்குள் சேஸ் தீவிர ஃபெடரலிஸ்டாக மாறியிருந்தார். ஒரு காலத்தில் கும்பலை வழிநடத்தியவருக்குக் கும்பலின் ஆட்சி வந்துவிடுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயம் கடைசிவரை அவரை விடவில்லை.

சட்ட அறிவில் அவரைக் குறைத்து மதிப்பிட இடமில்லை. ஜான் மார்ஷல் வருவதற்கு முந்தைய உச்ச நீதிமன்றத்தில் சட்டக் கூர்மை மிக்க இரண்டு மூன்று பேரில் அவர் ஒருவர் என்று தயங்காமல் சொல்லலாம். பதவியேற்ற முதல் ஆண்டிலேயே வந்த வேர் எதிர் ஹில்டன் வழக்கில், பிரிட்டிஷ் வணிகர்களுக்கு வர்ஜீனியாக்காரர்கள் தர வேண்டிய கடனைப் பற்றிய கேள்வி எழுந்தது. 1783ஆம் ஆண்டு சமாதான ஒப்பந்தத்துக்கு முரணான மாநிலச் சட்டம் செல்லாது என்று சேஸ் விரிவாக எழுதினார். வெளிநாட்டு ஒப்பந்தம் மாநிலச் சட்டத்துக்கு மேலானது என்ற கொள்கைக்கு இன்றும் அது அடிப்படை. கடனாளிகளின் தரப்பில் வாதாடித் தோற்ற வக்கீல் வேறு யாருமல்ல, பின்னாளில் தலைமை நீதிபதியான மார்ஷல்தான். 1798இல் கால்டர் எதிர் புல் வழக்கில், முன்தேதியிட்டுச் செயல்படும் சட்டங்களுக்கான சாசனத் தடை கிரிமினல் சட்டங்களுக்கே பொருந்தும் என்று சேஸ் வகுத்த நான்கு வகைகளை இன்றைய நீதிமன்றங்களும் எடுத்தாள்கின்றன. அதே ஆண்டு பிலடெல்பியாவில், காங்கிரஸ் இயற்றிய சட்டம் இல்லாமல் மத்திய நீதிமன்றம் எவரையும் குற்றவாளியாக்க முடியாது என்று சொன்னார். இது அவருடைய சொந்தக் கட்சிக்கே உவப்பில்லாத நிலைப்பாடு. இப்படிப்பட்டவர் எப்படிக் குற்றக்கூண்டுக்கு வந்தார்?

பதில் சர்க்யூட்டில் இருக்கிறது. அந்நாளில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஆண்டில் சில வாரங்களே தலைநகரில் அமர்ந்தார்கள். மற்ற நாட்களில் மாநிலம் மாநிலமாகப் பயணம் செய்து, உள்ளூர் மாவட்ட நீதிபதியோடு சேர்ந்து விசாரணை நடத்தினார்கள். சாலைகள் மோசம், விடுதிகள் அதைவிட மோசம். 1800 குளிர்காலத்தில் உறைந்துகிடந்த சஸ்குவஹானா ஆற்றைக் கடக்கையில் சேஸ் பனிப்பாளம் உடைந்து நீருக்குள் விழுந்தார். உடன் வந்த மகன்தான் காப்பாற்றினார். கனத்த உடம்பு, வாதநோய், அறுபதை நெருங்கும் வயது. இந்த நிலையிலும் அவர் சர்க்யூட்டைத் தவிர்க்கவில்லை. அங்கேதான் குடிமக்கள் மத்திய அரசின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்கள். 1800ஆம் ஆண்டின் வசந்தத்தில் அவர்கள் பார்த்த முகம் சேஸின் முகம்.

அந்த ஆண்டு தேர்தல் ஆண்டு. ஜனாதிபதி ஜான் ஆடம்ஸின் ஃபெடரலிஸ்ட் கட்சி 1798இல் கொண்டுவந்த அரசு நிந்தனைச் சட்டம், அரசையும் ஜனாதிபதியையும் பற்றிப் பொய்யாகவும் கெட்ட எண்ணத்தோடும் எழுதுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஏப்ரலில் பிலடெல்பியாவில் தாமஸ் கூப்பர் என்ற எழுத்தாளருக்குச் சேஸ் முன்னிலையில் ஆறு மாதச் சிறையும் 400 டாலர் அபராதமும் கிடைத்தன. அடுத்து ஜான் ஃபிரைஸ் வழக்கு. வீட்டு வரியை எதிர்த்த பென்சில்வேனிய ஜெர்மானிய விவசாயிகளைத் திரட்டி, கைதான வரி எதிர்ப்பாளர்களை பெத்லஹேம் ஊர் விடுதியிலிருந்து விடுவித்தவர் ஃபிரைஸ். உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. ஆனாலும் தேசத்துரோக வழக்கு போடப்பட்டது, தண்டனை தூக்கு. முதல் விசாரணையில் ஒரு ஜூரர் முன்கூட்டியே முடிவு செய்திருந்தது தெரியவந்ததால் மறுவிசாரணை சேஸிடம் வந்தது. வாதம் தொடங்குமுன்பே, எது தேசத்துரோகம் என்பது பற்றிய தன் முடிவை எழுதி எடுத்துவந்து பிரதிகளை மேஜையில் வைத்தார். ஒன்று எதிர்த்தரப்பு வக்கீல்களுக்கு, ஒன்று அரசு வக்கீலுக்கு, ஒன்று ஜூரிக்கு. வில்லியம் லூயிஸும் அலெக்சாண்டர் டாலஸும் நாட்டின் தலைசிறந்த வக்கீல்களில் இருவர். தங்கள் வாதத்தைக் கேட்காமலே சட்டம் முடிவாகிவிட்டது என்று சொல்லி வழக்கிலிருந்து விலகினார்கள். மறுநாள் சேஸ் இறங்கிவந்து, வாதாடலாம் என்று கேட்டுக்கொண்டும் அவர்கள் மசியவில்லை. வக்கீல் இல்லாமல் நின்ற ஃபிரைஸுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அமைச்சர்களின் ஆலோசனையை மீறி ஆடம்ஸ் மன்னிப்பு வழங்கியதால் அவர் உயிர் தப்பியது.

ரிச்மண்டில் நடந்தது இன்னும் மோசம். ஆடம்ஸைக் கடுமையாகத் தாக்கிப் பிரசுரம் எழுதிய ஜேம்ஸ் காலண்டர் மீது அங்கே வழக்கு. பிரசுரத்தில் ஆட்சேபகரமான இடங்களைக் கோடிட்ட பிரதி ஒன்று, விசாரணைக்கு முன்பே மேரிலாந்து வக்கீல் லூதர் மார்ட்டின் மூலம் சேஸின் கைக்கு வந்திருந்தது. பிரசுரத்தின் பகுதிகளைப் படித்துவிட்டு அது அரசு நிந்தனைதான் என்று எண்ணியதாகச் சொன்ன ஜான் பாசெட் என்பவரையே ஜூரியில் உட்காரவைத்தார். எதிர்த்தரப்பு ஜான் டெய்லரைச் சாட்சியாக அழைத்தபோது, கேட்கப்போகும் கேள்விகளை முதலில் எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்ததைப் படித்துவிட்டு, டெய்லரின் சாட்சியம் குற்றச்சாட்டின் ஒரு பகுதிக்கு மட்டுமே பதிலாகும் என்று கூறி அவரைக் கூண்டேற்றவே மறுத்தார். வில்லியம் வர்ட் உள்ளிட்ட இளம் வக்கீல்களை வாய்க்கு வாய் இடைமறித்தார். கடைசியில் அவர்கள் கோப்புகளைக் கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். காலண்டருக்கு ஒன்பது மாதச் சிறை, 200 டாலர் அபராதம். அந்தக் கோடைக்காலத்தில், போதிய நீதிபதிகள் வராததால் உச்ச நீதிமன்றத்தின் ஆகஸ்ட் அமர்வு தடைப்பட்டபோது, சேஸ் மேரிலாந்தில் ஆடம்ஸுக்கு வாக்குச் சேகரித்துக்கொண்டிருந்தார்.

ஆடம்ஸ் தோற்றார். ஆட்சிக்கு வந்த தாமஸ் ஜெஃபர்சனின் ரிபப்ளிகன் கட்சி, ஃபெடரலிஸ்டுகள் போகிற போக்கில் உருவாக்கிய பதினாறு சர்க்யூட் நீதிபதிப் பதவிகளை 1802இல் சட்டம் போட்டு ஒழித்தது. பழையபடி சர்க்யூட் போக மறுக்கலாம் என்று சேஸ் சக நீதிபதிகளைத் தூண்டினார். யாரும் இசையவில்லை. 1803 மே 2 அன்று பால்டிமோரில் கிராண்ட் ஜூரிக்கு வழிகாட்டுரை வழங்கவேண்டிய இடத்தில், அந்தச் சட்ட ரத்தையும், சொத்துத் தகுதி இல்லாதவர்களுக்கும் மேரிலாந்து வாக்குரிமை கொடுத்ததையும் கண்டித்து, குடியரசு கும்பலாட்சியாகச் சரிந்துகொண்டிருக்கிறது என்று பிரசங்கம் செய்தார். செய்தி எட்டியதும், இது தண்டிக்கப்படாமல் போகலாமா என்று மேரிலாந்து உறுப்பினர் ஜோசப் நிக்கல்சனுக்கு ஜெஃபர்சன் எழுதினார். தான் தலையிடாதிருப்பதே நல்லது என்றும் அதே கடிதத்தில் சேர்த்துக்கொண்டார். 1804 மார்ச் 12 அன்று பிரதிநிதிகள் சபை 73க்கு 32 என்ற கணக்கில் சேஸ் மீது குற்றம் சாட்டியது. அதே நாளில் செனட், குடிக்கு அடிமையாகி மனநிலை பிறழ்ந்திருந்த நியூ ஹாம்ப்ஷயர் மாவட்ட நீதிபதி ஜான் பிக்கரிங்கை 19க்கு 7 என்று குற்றவாளியாகக் கண்டு பதவிநீக்கியது. நோயாளியை நீக்கியாயிற்று, அடுத்தது எதிரி, அதற்கடுத்தது மார்ஷல் என்ற அச்சம் ஃபெடரலிஸ்டுகளிடம் பரவியிருந்தது. மார்ஷலே ஆடிப்போயிருந்தார். நீதிபதிகளைப் பதவிநீக்குவதைவிட, பிடிக்காத தீர்ப்புகளைச் சட்டமன்றமே மாற்றும் மேல்முறையீட்டு அதிகாரம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவர் சேஸுக்கு எழுதிய கடிதம் அந்த நாட்களின் பீதியைக் காட்டுகிறது. சட்டத்தை மறுஆய்வு செய்யும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு நிலைநாட்டிய அதே கைதான் இதையும் எழுதியது.

விசாரணை 1805 பிப்ரவரி 4 அன்று தொடங்கியது. தலைமை வகித்தவர் துணை ஜனாதிபதி ஏரன் பர். சேஸை ஒரு காலத்தில் பத்திரிகையில் தாக்கிய ஹாமில்டனை ஏழு மாதங்களுக்கு முன் சுட்டுக்கொன்றவர் இவரே. அதற்காகக் கொலைக் குற்றச்சாட்டும் அவர் மேல் நிலுவையில் இருந்தது. வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸைப் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை விசாரித்த காட்சி அனைவர் நினைவிலும் இருந்தது. அதை ஒட்டியே செனட் மண்டபமும் கருஞ்சிவப்பு, பச்சை, நீலத் துணிகள் போர்த்த இருக்கைகளோடு அணிசெய்யப்பட்டது. ஐம்பதுக்கு மேற்பட்ட சாட்சிகள் வந்தார்கள். குற்றம் சாட்டும் தரப்பை நடத்திய ஜான் ராண்டால்ஃப் சட்டம் படித்துத் தொழில் செய்தவர் அல்லர். சேஸின் தரப்பில் லூதர் மார்ட்டின், ஜோசப் ஹாப்கின்சன், ராபர்ட் குட்லோ ஹார்ப்பர் போன்ற வக்கீல்கள் நின்றார்கள். நீதிமன்றத்தில் தண்டிக்கத்தக்க குற்றத்தைச் செய்திருந்தாலன்றி நீதிபதியை நீக்க முடியாது என்பது அவர்கள் வாதம். எதிர்ப்புறத்தில், பதவிநீக்கம் என்பது அந்த இடத்தில் வேறொருவர் இருந்தால் நல்லது என்று காங்கிரஸ் முடிவு செய்வதே தவிர வேறில்லை என்று வர்ஜீனியா செனட்டர் வில்லியம் கைல்ஸ் தனிப்பேச்சில் வாதிட்டதை மற்றொரு செனட்டரான ஜான் குவின்சி ஆடம்ஸ் குறித்துவைத்திருக்கிறார். என் பார்வையில் இரண்டுமே ஏற்கத்தக்கவை அல்ல. முதலாவது வாதத்தை ஏற்றால், லஞ்சம் வாங்காமல், கொலை செய்யாமல், ஒரு நீதிபதி நாள்தோறும் அநீதி செய்யலாம். இரண்டாவதை ஏற்றால், ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் நீதிமன்றம் காலியாகும்.

செனட் இந்த இரண்டு வழிகளிலும் போகவில்லை என்பதை வாக்குக் கணக்கு காட்டுகிறது. அன்றைய செனட்டர்கள் 34 பேர். அவர்களில் ரிபப்ளிகன்கள் 25, ஃபெடரலிஸ்டுகள் 9. நீக்குவதற்குத் தேவை 23 வாக்குகள். கட்சி கட்டுக்கோப்பாக நின்றிருந்தால் சேஸ் அன்றே வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் வர்ஜீனியாவின் நடைமுறைச் சட்டத்தை மீறினார் என்ற ஐந்தாவது குற்றச்சாட்டுக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. அதே வகையைச் சேர்ந்த ஆறாவதற்கு 4. பாசெட்டை ஜூரியில் சேர்த்ததற்கு 10. டெலவேரில் கிராண்ட் ஜூரியைக் கலைய விடாமல், ஒரு பத்திரிகைக்காரர் மேல் வழக்குப் போடத் தூண்டியதற்கும் 10. ஃபிரைஸ் வழக்குக்கு 16. டெய்லரின் சாட்சியத்தை மறுத்ததற்கும், காலண்டரின் வக்கீல்களை இழிவாக நடத்தியதற்கும் 18, 18. பால்டிமோர் பிரசங்கத்துக்கு 19. இதுதான் மிக அதிகம். இந்த வரிசையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்ற புகாருக்குச் செனட் காது கொடுக்கவில்லை. குற்றவாளிக் கூண்டில் நின்றவருக்குத் தன் தரப்பைச் சொல்லும் வாய்ப்பை மறுத்தார் என்ற புகாரிலும், நீதிபதி இருக்கையைத் தேர்தல் மேடையாக்கினார் என்ற புகாரிலும் பெரும்பான்மையோர் அவரைக் குற்றவாளி என்றார்கள். மூன்றில் இரண்டு பங்கு என்ற வேலி மட்டுமே அவரைக் காத்தது. மூன்று குற்றச்சாட்டுகளில் செனட்டின் பெரும்பான்மை தன்னைக் குற்றவாளி என்று சொல்லக் கேட்டபின் வெளியேறிய ஒருவரை, முழுமையாக நியாயம் நிரூபிக்கப்பட்டவர் என்று எப்படிச் சொல்வது?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. ராண்டால்ஃபின் திறமையின்மையும், ஜார்ஜியாவின் யாஸூ நில ஊழல் விவகாரத்தில் ரிபப்ளிகன்களுக்குள் மூண்ட சண்டையும்தான் சேஸைக் காப்பாற்றின. இதில் கொள்கை எதுவும் இல்லை என்பார்கள். ராண்டால்ஃபின் இறுதி உரை தடுமாறியது உண்மை. யாஸூ பகையும் உண்மை. ஆறு ரிபப்ளிகன்கள் எல்லாக் குற்றச்சாட்டுகளிலும் சேஸுக்குச் சாதகமாகவே வாக்களித்தார்கள் என்பதற்கு அது ஓரளவு காரணமாகலாம். ஆனால் மற்ற 19 பேரின் நடத்தையை அது விளக்காது. அவர்கள் ஒரு குற்றச்சாட்டில் ஆம் என்றும் அடுத்ததில் இல்லை என்றும் பிரித்துப் பிரித்து வாக்களித்தார்கள். ராண்டால்ஃபின் மேல் கோபம் என்றால் எல்லாவற்றிலும் அல்லவா அது வெளிப்பட்டிருக்கும்? இவர்கள் ஒவ்வொரு புகாரையும் தனித்தனியே எடை போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு மறுப்பு வலுவானது. சேஸ் செய்ததில் எது புதிது? தலைமை நீதிபதி ஜான் ஜே பதவியில் இருந்தபடியே 1792இல் நியூயார்க் கவர்னர் தேர்தலில் நின்றார். 1794இல் தூதராக லண்டன் போனார். நீதிபதி வில்லியம் குஷிங் மாசசூசெட்ஸ் கவர்னர் பதவிக்குப் போட்டியிட்டார். தலைமை நீதிபதி ஆலிவர் எல்ஸ்வர்த் பிரான்சுக்குத் தூது போனார். கிராண்ட் ஜூரிக்கான உரையில் அரசியல் பேசுவது அன்று எல்லா நீதிபதிகளின் வழக்கம். அரசியல் சாசனத்துக்கு ஒரு சட்டம் முரணானதா என்பதை ஜூரி முடிவு செய்ய முடியாது என்று ரிச்மண்டில் அவர் சொன்னதைப் பிற்காலம் சரியென்றே ஏற்றது. ஃபிரைஸ் வழக்கில் அவர் எழுதிவைத்த சட்ட விளக்கமும் முந்தைய நீதிபதிகள் சொன்னதுதான். இவை எல்லாம் உண்மை. செனட் அவரை நீக்காததற்கு இவையே நல்ல காரணம் என்றும் நான் கருதுகிறேன். அன்றைய வழக்கத்தை மீறாத ஒருவரை, பின்னால் வந்த அளவுகோலால் நீக்கியிருந்தால் அது பழிவாங்கலாகவே இருந்திருக்கும். ஆனால் சட்டம் சரியாக இருப்பது வேறு, விசாரணை நியாயமாக இருப்பது வேறு. ஃபிரைஸின் கழுத்துக்குச் சுருக்குத் தயாராக இருந்தபோது, சேஸின் விளக்கம் சரியா தவறா என்று வாதாட முதல் நாளே இடம் கொடுத்திருந்தால் என்ன கெட்டிருக்கும்? நீதிபதிக்குப் பதவிப் பாதுகாப்பு கொடுக்கப்படுவது, ஆட்சியாளரின் முகம் பார்க்காமல் ஃபிரைஸ் போன்றவரின் குரலையும் கேட்க வேண்டும் என்பதற்காக. தன் கட்சி ஆட்சியில் இருந்தபோது அந்தப் பாதுகாப்பைச் சேஸ் ஆட்சியின் பக்கமே பயன்படுத்தினார். சுதந்திர நீதித்துறையின் தியாகியாக அவரைச் சித்திரிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் தவறு செய்த நீதிபதிக்குத் தண்டனையே இல்லையா என்று கேட்கலாம். பாதிக்கப்பட்டவர்களுக்குப் பரிகாரம் வேறு வழிகளில் கிடைத்தது. ஃபிரைஸுக்கு ஆடம்ஸ் மன்னிப்பு கொடுத்தார். அரசு நிந்தனைச் சட்டம் 1801 மார்ச்சில் காலாவதியானது. அந்தச் சட்டத்தின்கீழ் தண்டனை பெற்றவர்களை ஜெஃபர்சன் மன்னித்தார். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த கட்சியை வாக்காளர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நீதிபதிகளுக்கோ விசாரணையே தண்டனையாக அமைந்தது. வாதநோயோடு செனட்டின் முன் ஒரு மாதம் நின்ற சேஸைப் பார்த்தபின், கிராண்ட் ஜூரி முன் கட்சிப் பிரசங்கம் செய்யும் பழக்கம் மத்திய நீதிபதிகளிடம் தேய்ந்து போனது. சேஸும் மீதி ஆண்டுகளில் அரசியல் பேசவில்லை. மறுபக்கத்தில், காங்கிரஸ் கேட்டுக்கொண்டால் ஜனாதிபதி நீதிபதிகளை நீக்கலாம் என்று ராண்டால்ஃப் கொண்டுவந்த சாசனத் திருத்தம் எங்கும் போகவில்லை. நீதிபதிகள் கட்சி மேடையிலிருந்து இறங்கினார்கள். அரசியல்வாதிகள் தீர்ப்புக்காக நீதிபதியின் பதவியில் கை வைப்பதை விட்டார்கள். இதில் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் மரபு என்று மேற்கோள் காட்டுவது வரலாற்றுக்கு நேர்மையல்ல. இன்று பதவிநீக்க மிரட்டலைக் கண்டிக்க 1805ஐ எடுத்துக்காட்டும் நீதிபதிகளுக்கு, அதே 1805 தங்கள் மேல் சுமத்திய கடமையும் தெரிந்திருக்க வேண்டும்.

சேஸ் 1811 ஜூன் 19 அன்று பதவியில் இருந்தபடியே பால்டிமோரில் இறந்தார். அந்த இடத்துக்கு ஜனாதிபதி ஜேம்ஸ் மாடிசன் மேரிலாந்தின் கேப்ரியல் டுவாலை நியமித்தார். குஷிங் இறந்து காலியான இடத்துக்கு ஜோசப் ஸ்டோரி வந்தார். உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளில் ஐந்து பேர் இப்போது ஜெஃபர்சனும் மாடிசனும் நியமித்தவர்கள். 1805இல் வலுக்கட்டாயமாகப் பிடிக்க முயன்றதை ரிபப்ளிகன்கள் ஆறே ஆண்டுகளில் காத்திருந்து பெற்றார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, மத்திய வங்கியைப் பற்றிய மக்கல்லக் எதிர் மேரிலாந்து வழக்கில் அவர்கள் நியமித்த நீதிபதிகளும் மார்ஷலோடு சேர்ந்து, ஃபெடரலிஸ்டுகள் விரும்பியிருக்கக்கூடிய தீர்ப்பை ஒருமனதாக வழங்கினார்கள்.